வீட்டுச் சுவரோரம் ஒரு கூட்ஸ் யார்டு

அன்னூருக்கு ரயில் வராது. ரயில் பார்க்க வேண்டுமென்றால் காரமடைக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ பஸ் ஏற வேண்டும். இல்லாவிட்டால் கோவை, திருப்பூர். ஆனால் ஒரு ப்ளைவுட் பலகையின் மேல் சொந்தமாகத் தண்டவாளம் போட்டு, ஸ்டேஷன் கட்டி, இன்ஜின் ஓட்டுவதற்கு ஊரில் ரயில் நிலையம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. சனி, ஞாயிறு மாலைகளும் ஒரு சுவரோரமும் கிடைத்தால் தொடங்கிவிடலாம்.

"ஏனுங்க, இது குழந்தைக விளையாடற பொம்மை ரயில்தானுங்க?" என்று நீங்கள் கேட்கலாம். பொம்மை ரயிலில் இன்ஜின் ஒரு அளவில் இருக்கும், பக்கத்தில் நிற்கும் ஆள் இன்னொரு அளவில் இருப்பார். மாதிரி ரயிலில் (உண்மை ரயிலைக் கணக்குப் பிசகாமல் சிறிதாக்குவது) இன்ஜின், பெட்டி, நடைமேடை, வேப்பமரம், டீக்கடை பெஞ்சு எல்லாமே ஒரே விகிதத்தில் சுருங்கும். அந்தக் கணக்குதான் வித்தியாசம். மற்றபடி விளையாட்டு என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பெரியவர்களும் இதைச் செய்கிறார்களா? நிறையவே. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஃபிரெடெரிக், கெரிட் பிரவுன் என்ற இரட்டையர் 2001-இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்ட்தான் இன்று உலகத்திலேயே பெரிய மாதிரி ரயில் அமைப்பு. நம் நாட்டில் புணேயின் கோத்ரூடு பகுதியில் பி.எஸ். ஜோஷி என்பவர் உருவாக்கிய மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் 1998 முதல் இயங்குகிறது. புணே பக்கம் போகிறவர்கள் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம். சிக்னல் மாறுவதையும் ரயில்கள் ஒன்றுக்கொன்று வழிவிடுவதையும் நேரில் பார்த்தால் இங்கே நான் சொல்வதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

சரி, எந்த அளவில் வாங்குவது? முதலில் எடுக்க வேண்டிய முடிவு இதுதான். பாதியில் மாற்றினால் வாங்கியதெல்லாம் வீண். சந்தையில் அதிகம் கிடைப்பவை இரண்டு. ஒன்று ஹெச்.ஓ. ஸ்கேல் (உண்மையில் 87-இல் ஒரு பங்கு). இன்னொன்று என் (N) ஸ்கேல் (160-இல் ஒரு பங்கு).

எண்ணைச் சொன்னால் கண்ணில் நிற்காது, ஒரு ரயிலை வைத்தே பார்ப்போம். இப்போது ஓடும் எல்.ஹெச்.பி. பெட்டி ஒன்று சுமார் 23.5 மீட்டர் நீளம். ஹெச்.ஓ.வில் அது 27 சென்டிமீட்டர். என் ஸ்கேலில் 15 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இன்ஜினோடு 22 பெட்டி கோத்தால் ஹெச்.ஓ.வில் 20 அடிக்கு மேல் வரும். என் ஸ்கேலில் 11 அடி. அந்த 20 அடி ரயில் நிற்கிற அளவுக்கு நடைமேடையும் வேண்டும், அதற்கு இரண்டு பக்கமும் வளைவும் வேண்டும். கல்யாண மண்டபத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் அது ஆகும்.

அதனால் வீட்டில் ஹெச்.ஓ. வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் முழு ரயிலை ஓட்டுவதில்லை. ஐந்தாறு பெட்டியோடு நிறுத்திக்கொள்வார்கள். கண்ணும் அதை முழு ரயிலாகவே ஏற்றுக்கொள்ளும். பெட்டியின் ஜன்னல் கம்பி வரை தெரிய வேண்டும், கையால் செய்ய வேண்டும் என்பவர்களுக்கு ஹெச்.ஓ. நீளமான ரயில் மலையைச் சுற்றி வளைந்து போவதைத் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு என் ஸ்கேல். நாற்பது தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள் ஹெச்.ஓ.வையே எடுங்கள்; என் ஸ்கேல் பெட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றி வைப்பதே அவர்களுக்குப் பெரும்பாடு.

இங்கே ஒரு இடக்கு இருக்கிறது, முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பா, அமெரிக்காவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்குப் போட்ட கணக்கு. நம் அகலப்பாதை (பிராட்கேஜ்) 1676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வர வேண்டும். அந்த அகலத்தில் தண்டவாளம் வேண்டுமென்றால் நீங்களே கம்பியும் கட்டையும் வைத்துச் செய்ய வேண்டியதுதான். அப்படிச் செய்கிற பிடிவாதக்காரர்களும் இருக்கிறார்கள். என் கருத்து: மூன்று மில்லிமீட்டருக்காகச் சண்டை போடாதீர்கள். ரயிலைப் பக்கவாட்டில்தான் பார்க்கப்போகிறோம். அங்கிருந்து அது தெரியாது.

நம் ஊர் இன்ஜின் கிடைக்குமா என்பது அடுத்த சந்தேகம். கடையில் தொங்கிக்கொண்டிருக்காது. ஆனால் வழி இருக்கிறது. நாம் பல காலம் பார்த்த டபிள்யூ.டி.எம்.2 டீசல் இன்ஜின் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தின் வடிவம். முதல் இன்ஜின்கள் 1962-இல் அங்கிருந்தே வந்தன. 1964 முதல் வாரணாசியில் செய்தார்கள். அதனால் ஆல்கோ வகை அமெரிக்க மாதிரி ஒன்றை வாங்கி, கொஞ்சம் வெட்டி ஒட்டி, நம் ரயில்வே வண்ணம் பூசினால் ஏறக்குறைய அதே தோற்றம் வந்துவிடும். அச்சு அசலாக இருக்காது. தெரிந்தவர் கண்டுபிடிப்பார், மற்றவர் கண்டுபிடிக்க மாட்டார்.

பெட்டிகளை வாங்கவே வேண்டாம். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955 முதல் செய்துவந்த பழைய நீலப் பெட்டி 21.3 மீட்டர் நீளம், ஏறக்குறைய 3.25 மீட்டர் அகலம். ஹெச்.ஓ.வில் 24.5 சென்டிமீட்டர் நீளமும் 3.7 சென்டிமீட்டர் அகலமும் வரும். பக்கச்சுவர் படத்தை இந்த அளவில் கம்ப்யூட்டரில் வரைந்து, கெட்டித் தாளில் கலர் பிரிண்ட் எடுத்து, மவுண்ட் போர்டில் ஒட்டி, ஜன்னலை பிளேடால் வெட்டினால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பெட்டி நிற்கும். சக்கரத்தையும் கொக்கியையும் மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். சக்கரம் பிளாஸ்டிக் சட்டத்தில் தங்கு தடையில்லாமல் சுழல வேண்டும்; இதில் மிச்சம் பிடித்தால் வளைவுக்கு வளைவு தடம் புரளும்.

செலவு எவ்வளவு ஆகும்? இன்ஜின், நான்கைந்து பெட்டி, வட்டப்பாதை, கன்ட்ரோலர் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) எல்லாம் அடங்கிய தரமான தொடக்க செட் ஐந்து இலக்கத்தை எட்டிவிடும். காரணம் பெரும்பாலும் வரி. பொம்மைகளுக்கான இறக்குமதி சுங்கம் 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. சுங்கப் பட்டியலில் மாதிரி ரயிலும் பொம்மையோடு ஒரே தலைப்பில்தான் வருகிறது. 2021 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். வெளிநாட்டுக் கடையில் பாதி விலை என்று பார்த்து அவசரப்பட்டு ஆர்டர் போடாதீர்கள். சுங்கம், ஜி.எஸ்.டி., கூரியர் எல்லாம் சேர்ந்து என்ன ஆகும், பார்சல் நிறுத்தி வைக்கப்படுமா என்பதை முதலில் விசாரியுங்கள்.

இனி இடம். தொடங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் நினைப்பது வட்டப்பாதைதான். ஹெச்.ஓ.வில் 18 அங்குல ஆரமுள்ள வளைவு சிறியது. அதில் திரும்புவதற்கே மூன்று அடி வேண்டும், ஓரம் விட்டால் நான்கு அடி. அதாவது எட்டுக்கு நாலு ப்ளைவுட் ஷீட் ஒன்று முழுதாகப் போய்விடும். எல்.ஹெச்.பி. நீளப் பெட்டிகள் அந்த வளைவில் வெளியே துருத்திக்கொண்டு அசிங்கமாகவும் தெரியும். எட்டுக்கு நாலு பலகையை வீட்டில் எங்கே போடுவீர்கள்? கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டால் மாதக்கணக்கில் வெளியே எடுக்க மாட்டீர்கள். வட்டத்தில் ஓடும் ரயில் அரை மணி நேரத்தில் சலித்தும் போகும்.

அதனால் நான் சொல்வது கூட்ஸ் யார்டு. ஆறு அடி நீளம், ஒரு அடி அகலம், சுவரில் அடித்த பரண் பலகை போதும். இங்கிலாந்துக்காரர் ஆலன் ரைட் அமைத்த இங்கிள்நூக் என்ற ஏற்பாடு உலகம் முழுக்கப் பலருக்கு முதல் லேஅவுட்டாக (பலகை மேல் அமைந்த முழு ரயில் காட்சி) இருந்திருக்கிறது. அதில் மூன்று சைடிங் (வேகன் நிறுத்தும் கிளைப்பாதை) உண்டு. ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. மூன்றும் சேரும் இடத்துக்கு அப்பால் இன்ஜினும் மூன்று வேகனும் மட்டும் நிற்குமளவுக்கு ஒரு தனிப்பாதை. மொத்தம் எட்டு வேகன்.

இதில் என்ன சுவாரசியம்? எட்டு வேகனுக்கும் எட்டு சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்தை எடுங்கள். சீட்டு வந்த அதே வரிசையில் அந்த ஐந்தும் நீளமான சைடிங்கில் நிற்க வேண்டும். மற்ற வேகன்கள் இடையில் வழியை மறிக்கும். ஒன்றை இங்கே விட்டு, இரண்டை அங்கே தள்ளி, மறுபடி இழுத்து என்று ஷண்டிங் (பெட்டிகளைப் பிரித்துச் சேர்ப்பது) செய்துகொண்டே இருக்க வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசைப்படி எடுக்க 6720 வழி உண்டு. அத்தனையையும் தீர்த்துவிட்டுச் சலித்தது என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்.என். வேகன் 10.7 மீட்டர், ஹெச்.ஓ.வில் 12.3 சென்டிமீட்டர். ஐந்து வேகனுக்கு இரண்டடி. கணக்கு ஆறடிக்குள் அடங்கிவிடுகிறது. பெட்ரோல் டேங்கர் வேண்டுமென்றால் நம் பக்கத்து இருகூர் பெட்ரோலியக் கிடங்கை மனத்தில் வைத்துச் செய்யலாம்.

மின்சாரத்தைப் பற்றிப் பயம் வேண்டாம், கவனம் வேண்டும். ஹெச்.ஓ.விலும் என் ஸ்கேலிலும் பெரும்பாலும் தண்டவாளத்தில் ஓடுவது 12 வோல்ட் வரையிலான டி.சி. மின்சாரம். ஒரு தண்டவாளம் பாசிட்டிவ், மற்றது நெகட்டிவ். மாற்றிவிட்டால் ரயில் பின்னால் போகும். தொட்டால் ஷாக் அடிக்காது. ஆபத்து இருப்பது சுவர் பிளக்கில் சொருகும் அடாப்டரில்தான். அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வந்த செட்டில் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் என்று இருக்கலாம். நம் வீட்டு 230 வோல்ட்டில் சொருகினால் புகை வரும். அடாப்டரின் முதுகில் 100 முதல் 240 வரை என்று அச்சடித்திருந்தால் தைரியமாகச் சொருகுங்கள், இல்லாவிட்டால் சொருகாதீர்கள். குழந்தைகளைத் தண்டவாளத்தைத் தொட விடலாம், அடாப்டரைத் திறக்க விடக்கூடாது.

டி.சி.சி. என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள் (ஒரே தண்டவாளத்தில் ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனிக் கட்டளை அனுப்பும் முறை). சாதாரண டி.சி.யில் ஒரு பாதையில் இரண்டு இன்ஜினை வைத்தால் இரண்டும் சேர்ந்தே நகரும். கூட்ஸ் யார்டில் ஒரே இன்ஜின்தான். அதற்கு டி.சி.சி. வேண்டாம், காசு மிச்சம்.

எவ்வளவு வேகத்தில் ஓட்டுவது? மணிக்கு 60 கிலோமீட்டர் ஹெச்.ஓ.வில் நொடிக்கு 19 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. தொடங்குகிறவர்கள் எல்லாரும் இதைப்போல மூன்று மடங்கில்தான் ஓட்டுவார்கள். யார்டில் ஷண்டிங் இன்ஜின் ஊர்ந்துதான் போகும். கன்ட்ரோலர் வாங்கும்போது இன்ஜின் எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று ஓட்டிப் பாருங்கள். அதிகபட்ச வேகத்தை யாரும் பயன்படுத்தப் போவதில்லை.

இனி மண்ணும் மரமும். இங்கேதான் நம் ஊர்க்காரர்களுக்கு வசதி. வெளிநாட்டில் பாக்கெட் போட்டு விற்கும் பொருள்களில் முக்கால்வாசி இங்கே சும்மா கிடைக்கும். தரைக்குத் தென்னை நார்க்கழிவைக் காயவைத்துச் சலித்துத் தூவலாம். பொள்ளாச்சி வரை போக வேண்டியதில்லை, நர்சரியில் கேட்டாலே தருவார்கள். உழுத செம்மண் காட்டுக்குத் தோட்டத்து மண்ணையே மாவு சல்லடையில் சலியுங்கள். டீத்தூள் சக்கையைக் காயவைத்தால் சருகு. வேலியோரம் காய்ந்த செடியின் கிளைநுனிகள்தான் மரங்கள்.

தண்டவாளத்துக்கு அடியில் கொட்டும் ஜல்லிக்கு எம்-சாண்டைச் சலித்துச் சன்னமானதை எடுங்கள். எடுத்ததும் அதன் மேல் ஒரு காந்தத்தை நாலைந்து முறை ஓட்டுங்கள். மணலில் இரும்புத்தூள் இருக்கும். இன்ஜின் மோட்டாரின் காந்தம் அதை உள்ளே இழுத்துக்கொண்டால் மோட்டார் கெடும். பிறகு ஜல்லியைத் தூரிகையால் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, சொட்டு மருந்துக் குழலால் விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் கரைசல் உள்ளே இறங்காமல் மேலேயே உருண்டு நிற்கும். ஒரு ராத்திரி காய வேண்டும். பாயின்ட்டின் (பாதை பிரியும் இடம்) அசையும் பாகங்களில் மட்டும் பசை படக்கூடாது. பட்டால் அது திரும்பாது, புதிதுதான் வாங்க வேண்டும்.

மலை, மேடு செய்ய தெர்மாகோல் நல்லது. ஆனால் ஸ்பிரே பெயின்ட்டும் சால்வென்ட் கலந்த ரப்பர் பசையும் அதைக் கரைத்துவிடும். ஃபெவிகாலும் தண்ணீரில் கரையும் பெயின்ட்டும் மட்டுமே.

பலகைக்கு 12 மில்லிமீட்டர் ப்ளைவுட், அடியில் பைன் மரச் சட்டம். விலை குறைந்த பலகை மழைக்காலத்தில் வளையும். பலகை வளைந்தால் தண்டவாளமும் வளையும். பழைய சுவரோரமாக இருந்தால் கரையான் மருந்து அடித்துவிட்டு மாட்டுங்கள். கோடை வெயிலில் தண்டவாளம் நீளுமா என்று கேட்பார்கள். ஒரு மீட்டருக்கு 20 டிகிரி ஏறினால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் நீளும். இணைப்புகளில் தடித்த அட்டை ஒன்று நுழையுமளவு இடைவெளி விட்டால் போதும். மொட்டைமாடி தகரக் கொட்டகையில் மட்டும் வைக்காதீர்கள்.

ரயில் ஓடாமல் திக்கினால் பத்தில் ஒன்பது முறை காரணம் அழுக்கு. ஆடிக் காற்றில் வரும் புழுதியும், பஞ்சாலை பக்கம் குடியிருந்தால் பஞ்சுத் தூசியும் தண்டவாளத்தில் படியும். சக்கர அச்சில் பஞ்சு சுற்றிக்கொள்ளும், அதை இடுக்கியால் எடுக்க வேண்டும். தண்டவாளத்தின் மேல்பக்கத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் (மொபைல் ரிப்பேர் கடைகளில் வைத்திருக்கும் துடைப்புத் திரவம்) நனைத்த பருத்தித் துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், கீறல் விழும், கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். ஓட்டாத நாளில் பழைய வேட்டி ஒன்றால் மூடி வைப்பது எல்லாவற்றையும்விட நல்ல மருந்து.

எந்த ஸ்டேஷனைச் செய்வது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. யார்டில் கை பழகிய பிறகு மேட்டுப்பாளையத்தை எடுத்துப் பாருங்கள். கோவையிலிருந்து வரும் அகலப்பாதையும் நீலகிரி மலை ரயிலின் மீட்டர்கேஜும் (ஒரு மீட்டர் அகலப் பாதை) ஒரே ஸ்டேஷனில் சந்திக்கின்றன. மலைப்பாதை 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் போனது. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல்சட்டம் ஓடும், 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம், இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும்.

இதை மாதிரியில் செய்ய முடியுமா? முடியும், ஆனால் செலவு. ஹெச்.ஓ.வில் மீட்டர்கேஜுக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்காகவே விற்கிறார்கள். அதற்குப் பல்சட்டமும் உண்டு. நம் எக்ஸ் வகை இன்ஜின்களின் மூலமும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகர்தான். பின்னால் வந்தவற்றைத் திருச்சி பொன்மலையில் செய்தார்கள். முதல் லேஅவுட்டில் மலையேறும் பகுதியை விட்டுவிட்டு ஸ்டேஷனையும் ஷெட்டையும் மட்டும் செய்வதே புத்திசாலித்தனம். பல் இல்லாத சாதாரண மாதிரி இன்ஜினுக்கு 50-க்கு ஒன்று ஏற்றமே தாராளம்.

அளவெடுக்கப் போகிறவர்கள் நடைமேடை டிக்கெட் வாங்கிக்கொண்டு நடைமேடையிலேயே நில்லுங்கள். தண்டவாளத்தில் இறங்கி டேப் பிடிப்பது 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவில் குற்றம்; ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். நடைமேடையில் நிற்கும் நண்பரையும் சேர்த்துப் படம் எடுத்தால் அவர் உயரத்தை வைத்துக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் கணக்குப் போடலாம்.

கடைசியாக, தனியாகத்தான் செய்ய வேண்டுமா? வேண்டியதில்லை. என் ஸ்கேலில் டி-ட்ராக் என்ற முறை இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் வீட்டில் 308 மில்லிமீட்டர் நீளப் பெட்டி ஒன்றை மட்டும் செய்கிறார்கள். ஒருவர் தென்னந்தோப்பு, ஒருவர் பஞ்சாலை, ஒருவர் அன்னூர் மன்னீசுவரர் கோயில் கோபுரம். விடுமுறையன்று ஏதாவது ஒரு வீட்டு மேஜையில் எல்லாவற்றையும் கோத்தால் பெரிய லேஅவுட் ஆகிவிடும். மாலையில் பிரித்து அவரவர் பையில் போட்டுக்கொண்டு போகலாம். இணையும் முனையில் இரண்டு பாதைகளின் இடைவெளி, ஓரத்திலிருந்து தூரம், மேஜையிலிருந்து உயரம் மூன்றும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டிக்குள் என்ன செய்கிறீர்கள் என்பது உங்கள் இஷ்டம்.

அன்னூரில் இரண்டு பேர், கோவில்பாளையத்தில் ஒருவர், புளியம்பட்டியில் ஒருவர் என்று சேர்ந்தாலே தொடங்கலாம். மூலையில் வைக்கும் நான்கு வளைவுப் பெட்டிகளை யார் செய்வது என்பதை மட்டும் முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். எல்லாரும் நேர்ப்பெட்டியாகவே செய்துகொண்டு வந்தால் ரயில் திரும்பி வர வழியிருக்காது.